தேய்ப்பதற்கு முன் அளக்க வேண்டும்

கிராஞ்சியின் ஜாலான் லாம் ஹுவாட்டில் உள்ள ‘காரோஸ் சென்டர்’ கட்டடத்தில் கார் விற்பனைக் கடைகளும் பட்டறைகளும் மாடிக்கு மாடி இருக்கின்றன. பழைய காரைப் புதிதுபோல் மின்ன வைப்பது இத்தகைய இடங்களில் அன்றாட வேலை. “தேய்க்கிற வேலைதானே” என்று மாணவர்கள் சிலர் அதை இளக்காரமாகப் பேசுவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரின் வண்ணத்துக்கு மேல் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற படலம் இருக்கிறது. பெரும்பாலும் 40 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து வண்ணத்தைக் காப்பது அதுவே. பாலிஷ் போடுவது என்றால் எதையோ பூசுவது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்தப் படலத்தைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து எடுக்கிறோம். கீறலின் அடிவரை சுற்றியுள்ள பரப்பையும் இறக்கினால்தான் கீறல் முழுதாக மறையும்.

இயந்திரம் சுழலும்போது உராய்வால் சூடு ஏறுகிறது. இயற்பியல் வகுப்பில் படித்ததுதான். கதவின் விளிம்பிலும் பானெட்டின் மடிப்பிலும் அழுத்தம் ஒரே கோட்டில் குவியும். பிளாஸ்டிக் பம்பரோ உலோகத்தைப்போல் சூட்டைக் கடத்திவிடாது. அங்கெல்லாம் சில விநாடிகள் கூடுதலாக நின்றால் படலம் போய், வண்ணம் பேடில் ஒட்டிக்கொண்டு வரும். வட்ட வட்டமான மெல்லிய தழும்புகள் மட்டும் என்றால், மென்மையான பேடும் நுண்ணிய பாலிஷும் கொண்டு சரிசெய்யலாம். படலமே போய்விட்டால் எந்தப் பாலிஷும் உதவாது. மறுபடி பெயின்ட் அடிக்க வேண்டியதுதான்.

இங்கே வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒரு கார் இரண்டு மூன்று கை மாறலாம். ஒவ்வொருவரும் எத்தனை முறை தேய்த்தார்கள் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. பெயின்ட் பூச்சின் மொத்தத் தடிமனை அளக்கும் கையடக்கக் கருவி உண்டு. கிளியர் கோட்டை அது தனியாகப் பிரித்துக் காட்டாதுதான். ஆனாலும் பூச்சு எங்கே குறைந்திருக்கிறது, எங்கே மறுபடி அடிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஊகிக்கலாம். வேலையை ஏற்கும் முன் அந்த அளவை எழுதிக் காட்டுவது எல்லாப் பட்டறைகளிலும் வழக்கமாக வேண்டும்.

வேலை பழகும் இளையருக்கு அது இன்னும் முக்கியம். கருவியைத் தராமல் இயந்திரத்தை மட்டும் கையில் கொடுத்துவிட்டு, படலம் எரிந்ததும் அவரைத் திட்டுவது என்ன நியாயம்? “இதற்குமேல் தாங்காது, இந்தக் கீறல் இருக்கட்டும் சார்” என்று வாடிக்கையாளரிடம் சொல்ல, அவரிடம் ஓர் எண்ணாவது இருக்க வேண்டாமா?