அத்தை வீட்டு மழை மணி

பங்குனி மாதத்தில் என் அத்தை வீட்டுக்குப் போனால் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. தருமபுரி மாவட்டத்தில், பென்னாகரத்துக்குப் பக்கத்துக் கிராமம். எங்கே பார்த்தாலும் புளி! அத்தைக்கு ஒரு வருஷச் செலவுக்கு அதுதான் ஆதாரம்.

கோடை மழையோ சொல்லிக்கொண்டு வருகிற விருந்தாளி அல்ல. நனைந்த புளி கறுத்துப் பூசணம் பிடித்துவிடும்; அப்புறம் வியாபாரி சொன்னதுதான் விலை. சென்ற வருஷம் அத்தை மத்தியானம் சற்றுக் கண்ணயர்ந்தாள். அரைமணி மழையில் ஒரு மூட்டை போயிற்று.

“ஆயா, இந்த வருஷம் நீ நிம்மதியாத் தூங்கு” என்றான், பாலிடெக்னிக்கில் படிக்கும் பேரன். மூன்று சாமான்கள் வாங்கி வந்தான்: ஆர்டுயினோ ஊனோ என்ற பலகை, மழை சென்சார், அலறுவதற்கு ஒரு பஸ்ஸர்.

ஆர்டுயினோ 2005-ல் இத்தாலியில், இவ்ரேயா என்ற ஊரில் மாணவர்களுக்காகப் பிறந்தது. சென்சார் என்பது ஒரு சின்னத் தகடு. இரண்டு சீப்புகளைப் பல்லுக்குள் பல்லாக, ஒன்றையொன்று தொடாமல் வைத்ததுபோல் அதில் உலோகக் கோடுகள். துளி விழுந்தால் தண்ணீரே பாலமாகி மின்சாரம் கடக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்!

தகட்டின் இரண்டு கம்பிகளும் ஒரு குட்டிச் சுற்றுக்குப் போகின்றன. அங்கிருந்து பலகைக்கு மூன்று கம்பிகள்: ஒன்று 5 வோல்ட்டுக்கு, ஒன்று கிரவுண்டுக்கு, ஒன்று ஏ0 பின்னுக்கு. தகடு காய்ந்திருந்தால் 1023-ஐ ஒட்டி எண் வரும். நனைய நனையக் குறையும். “900-க்குக் கீழே போனால் அலறு” என்று பையன் எழுதி வைத்தான்.

மறுநாள் விடியற்காலை பஸ்ஸர் அலறியது. அத்தை தார்ப்பாயோடு ஓடினாள். வானத்தில் நட்சத்திரம் மின்னுகிறது!

“ஏண்டா கண்ணு, பனிக்கும் மழைக்கும் வித்தியாசம் தெரியாததா உன் யந்திரம்?”

900 என்பதை 500 ஆக்கினான். தண்ணீர் தேங்காமல் வழிய, தகட்டைச் சாய்த்து வைத்தான். பனியின் தொல்லை தீர்ந்தது.

மூன்று வாரத்தில் வேறு தொல்லை. கோடுகள் அரித்துக் கறுத்துவிட்டன. ஈரத்தில் ஓயாமல் ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் உலோகம் கரையாமல் என்ன செய்யும்? இரவும் பகலும் காவல் நின்றதே அதற்கு எமனாயிற்று!

பையன் புதுத் தகடு வாங்கினான். 5 வோல்ட்டில் இருந்த கம்பியைக் கழற்றி 7-ம் பின்னில் செருகினான். இப்போது 20 விநாடிக்கு ஒரு முறை அந்தப் பின் உயிர் பெறும்; தகட்டைப் பார்க்கும்; உடனே அணையும். கண் சிமிட்டும் நேர வேலை, மற்றதெல்லாம் ஓய்வு.

எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று இந்தத் தகடு சொல்லாது. அதற்கு மழைமானிதான் வேண்டும். வானிலை இலாகா 2.5 மில்லிமீட்டர் பெய்தால்தான் அதை மழை நாள் என்று கணக்கு வைக்கிறது. அத்தையின் புளிக்கோ பத்துத் துளி விழுந்தாலே மழை நாள்தான்!

சித்திரையில் ஒரு மத்தியானம் மணி அடித்தது. இந்தத் தடவை நிஜ மழை. அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்களும் பாயை இழுத்து மூடினார்கள். ஓரத்தில் ஒரு கூடைப் புளி மட்டும் நனைந்தது.

“எப்படி ஆயா, என் யந்திரம்?” என்றான் பையன் பெருமையாக.

“நல்லாத்தான் கத்துது. பாயை இழுக்க ஒரு யந்திரம் எப்போ செய்யப் போறே?” என்றாள் அத்தை.