உயரம் குறைஞ்சால் களவுதான் தொழிலா?

1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டில் முதலில் ஹாபிட்கள் இருந்தார்கள். டோல்கீன் படைப்புகளின் உரிமைத் தரப்பு எதிர்த்ததும் பெயர் 'ஹாஃப்லிங்' ஆனது. பெயர்தான் மாறினது. 2000ஆம் ஆண்டு விதிகளில் ஹாஃப்லிங்காகப் பிறந்தாலே பலத்தில் 2 குறையும், லாவகத்தில் 2 கூடும். அவர்களுக்கு உகந்த தொழில் கள்ளன் வேலை எண்டும் எழுதியிருந்தது.

'விளையாட்டுத்தானே' எண்டு சிலர் சொல்லுவினம். பிறப்பைப் பார்த்துத் தொழில் சொல்லுறதை விளையாட்டிலயும் ஏன் நாங்கள் பழகவேணும்?

2024 விதிகள் அந்தப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து எடுத்து, பாத்திரம் வளர்ந்த பின்னணிக்கு மாற்றிவிட்டன. அதை நாங்கள் வரவேற்கிறோம். உடம்பு சின்னதாகவே இருக்கட்டும். அந்த உடம்போட என்ன ஆகிறதெண்டதை விளையாடுறவர் தீர்மானிக்கட்டும்.