பிடிக்காததும் ஒத்துக்கொள்ளாததும்

"பிடிக்காது" என்று சொல்லும் குழந்தையின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி விழும். "ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லும் குழந்தையின் தட்டில் விழாது. தமிழ் பேசும் வீடுகளில் வளர்ந்தோர் பலர், பள்ளியில் சேரும் முன்பே இவ்விரு சொற்களின் விலை வேறுபாட்டை அறிந்துவிடுகின்றனர். முதற்சொல் விருப்பத்தைச் சொல்வது. விருப்பத்தை அதட்டலாம், திருத்தலாம், கேலி செய்யலாம். இரண்டாம் சொல் உடலைச் சாட்சிக்கு அழைக்கிறது. கத்தரிக்காய் தின்றால் உடம்பு அரிக்கிறது என்று ஒருமுறை சொல்லித் தப்பித்த பிள்ளை அடுத்த பத்தாண்டுகளுக்கு அந்த அரிப்பைக் கட்டிக்காக்க வேண்டியவனாகிறான்.

இதே பிள்ளை வளர்ந்து, ஆய்வு மாணவனாகி, வேறொரு மாநிலத்துப் பல்கலைக்கழக விடுதியின் உணவுக்கூடத்தில் நிற்கும்போது, அந்தப் பழைய உத்தி "அலர்ஜி" என்ற புதுப்பெயரில் திரும்பி வருகிறது. பிடிக்கவில்லை என்றால் மெஸ் பொறுப்பாளர் சிரிப்பார். அலர்ஜி என்றால் ஒதுங்கிக்கொள்வார். பலரும் இவ்வாறு சொல்லிப் பழகியதன் விளைவை, நிலக்கடலை உண்மையிலேயே ஆகாத ஒருவர் அனுபவிக்கிறார். அவர் சொல்வதையும் எவரும் நம்புவதில்லை.

மறுதிசையிலும் இது நிகழ்கிறது. உடல் மறுப்பதை வீம்பு என்று எண்ணிவிடுவது அது. பால் குடித்தால் வயிறு பொருமுகிறது என்னும் மாணவியிடம், "மோர் மட்டும் குடிக்கிறாயே" என்று கேட்பவர்கள் உண்டு. வளர்ந்தபின் லாக்டேஸ் நொதி குறைந்துபோவது உலக மக்களிற் பெரும்பாலோர்க்கு இயல்பான நிலை. அது குறையாமல் தொடர்வது சில மக்கட்குழுக்களில் பரவிய மரபணு மாற்றத்தின் பயன். இந்தியாவில் அம்மாற்றம் வடமேற்கில் மிகுந்தும், தெற்கிலும் கிழக்கிலும் குறைந்தும் காணப்படுகிறது. புளிக்கும்போது பாலின் லாக்டோஸில் ஒரு பகுதி நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டுவிடுவதால், பால் ஆகாத பலர்க்கு மோர் ஆகும். மாணவி சொல்வதில் முரண் ஏதுமில்லை. ஆயினும் பஞ்சாபிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வந்தவர்கள் ஒரே மேசையில் அமரும் விடுதியில், தம் வயிற்றையே அளவுகோலாகக் கொண்டு பிறர் வயிற்றை அளப்பது ஓயாமல் நடக்கிறது.

நாக்கின் கதையும் இதுவே. 1930களின் தொடக்கத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலாளரின் ஆய்வகத்தில் பினைல்தையோகார்பமைடு என்ற பொருளின் தூள் காற்றிற் பறந்தது. உடனிருந்தவர் கசக்கிறது என்றார்; ஃபாக்ஸுக்கு எந்தச் சுவையும் தெரியவில்லை. இருவரும் வாதிட்டனர், சுவைத்துப் பார்த்தனர். இருவர் சொன்னதும் மெய்யாக இருந்தது. அந்த வேறுபாடு மரபுவழி வருவது என்பது பின்னர் தெரிந்தது. ஒருவர் "எனக்குக் கசக்கிறது" என்னும்போது மற்றவர் "இல்லை" என்று மறுக்க உரிமையற்ற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தைக் காட்டும் உருபு தமிழில் 'கு'.

இந்த உருபைப் பற்றி மொழியியல் துறைகளில் அறியாதவர் இலர். "எனக்குத் தலை வலிக்கிறது", "எனக்குப் பாகற்காய் பிடிக்கும்", "எனக்கு அந்த நாள் நினைவிருக்கிறது" ஆகிய மூன்று தொடர்களிலும் உணர்பவர் எழுவாய் வடிவில் வருவதில்லை. நான்காம் வேற்றுமை ஏற்று நிற்கிறார். வினையோ அவரைப் பொருட்படுத்துவதே இல்லை: எனக்கும் வலிக்கிறது, உனக்கும் வலிக்கிறது, அவர்களுக்கும் வலிக்கிறது. நன்னூல் நான்காம் வேற்றுமையின் பொருள்களில் கொடையை முதலில் வைக்கிறது. நோயும் சுவையும் நினைவும் கொடுக்கப்பட்டவை போல வந்துசேர்கின்றன. இந்தி பேசுபவரும் காய்ச்சல், விருப்பம், நினைவு மூன்றையும் "முஜே" என்றே தொடங்குகிறார். மலையாளி "எனிக்கு" என்கிறார், தெலுங்கர் "நாகு" என்கிறார், மராத்தியர் "மலா" என்கிறார். வங்காளி மட்டும் சற்று விலகி, "ஆமார்" என்று ஆறாம் வேற்றுமையிற் சொல்கிறார். அங்கே காய்ச்சல் அவருடையதாகிவிடுகிறது. காலின் மசிக்கா 1976இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாக வரையறுக்க எடுத்துக்கொண்ட கூறுகளில் இக்கட்டமைப்பும் ஒன்று. 1990இல் மணீந்திர வர்மாவும் கே. பி. மோகனனும் இதற்கென்றே ஒரு தொகுப்பு நூல் பதிப்பித்தனர்.

தமிழில் இன்னொரு வியப்பும் உண்டு. சளியும் பிடிக்கிறது, மாம்பழமும் பிடிக்கிறது. சுளுக்குப் பிடித்துக்கொள்கிறது, அது தீர ஆவி பிடிப்பாரும் உளர் (சுளுக்குக்கு ஆவி பயன்படுமா என்பது வேறு கேள்வி). பற்றிக்கொள்ளும் வினை ஒன்றே விருப்பத்துக்கும் நோய்க்கும் போதுமானதாக இருக்கிறது.

இதைக்கொண்டு இந்தியர் உணர்ச்சிகளின் முன் செயலற்று நிற்பவர், மேலையர் தம் நோயையும் உடைமையாக ஆள்பவர் என்றெல்லாம் பேசுவது எளிது. கருத்தரங்குகளில் கைதட்டலும் கிடைக்கும். அது தவறான முடிவு. "நான் ரசிக்கிறேன்", "நான் விரும்புகிறேன்", "நான் நினைத்துப் பார்க்கிறேன்" என்பனவும் தமிழ்தான். தானாக வந்த நினைவுக்கும் முயன்று வரவழைத்த நினைவுக்கும் இடையே மொழி ஒரு கோடு கிழிக்கிறது. அவ்வளவுதான். அக்கோட்டைத் தாண்டிப் பண்பாட்டு உளவியல் கட்டுவதற்கு இலக்கணத்திடம் அனுமதி இல்லை.

ஆனால் இம்மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதை உடலே காட்டுகிறது. 1955இல் ஜான் கார்சியாவும் உடன் ஆய்வாளர்களும், இனிப்பூட்டிய நீரைக் குடிக்கும் வேளையில் கதிர்வீச்சுக்கு உட்பட்ட எலிகள் பின்னர் அந்த இனிப்பை ஒதுக்குவதைக் கண்டனர். உண்டதற்கும் உடல் கெட்டதற்கும் இடையே சில மணிநேரம் கழிந்திருந்தாலும் இவ்வெறுப்பு உருவாகும் என்பது தொடர்ந்த ஆய்வுகளில் தெளிவாயிற்று. எட்டு வயதில் திருமண வீட்டில் பால்கோவா தின்ற இரவு வாந்தியெடுத்த பிள்ளை, இருபத்தெட்டு வயதிலும் அதன் மணத்துக்கு முகம் திருப்புவதில் வீம்பு ஒன்றுமில்லை. அன்று வாந்திக்குக் காரணம் பால்கோவாவாக இல்லாமல், ஊரெங்கும் பரவிய வயிற்றுக் கிருமியாகக்கூட இருந்திருக்கலாம். நாக்கு விசாரணை நடத்துவதில்லை.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. காய்ச்சல் நாள் குழந்தைக்கு ஒரு சலுகை நாள். தமிழ் வீட்டில் கஞ்சியும் ரசஞ்சாதமும் ரஸ்க்கும் சாத்துக்குடியும். வட இந்திய வீட்டில் கிச்சடி. வங்காள வீட்டில் எண்ணெய் குறைத்த மீன் குழம்பு. பள்ளி இல்லை, வீட்டுப்பாடம் இல்லை, நெற்றியில் அடிக்கடி ஒரு கை வந்து அமரும். பின்னாளில் விடுதி அறையில் தனியே சளியோடு படுத்திருப்பவர் தேடுவது மருந்தைக் காட்டிலும் அந்தக் கஞ்சியையே. புளியங்காய் தின்று பல் கூசிய மாலைப்பொழுதை நினைக்கும்போதே சிலர்க்கு இன்றும் பல் கூசும். கூச்சம் என்ற சொல்லைப் பல்லுக்கும் மனத்துக்கும் பொதுவாக வைத்த மொழி தமிழ். வங்காளத்தில் "அம்பல்" என்பது புளிப்பான ஒரு பண்டம். வயிற்றுப் புளிப்புத் தொல்லைக்கும் அதுவே பெயர்.

இத்தகைய சொற்களோடு வளர்ந்த ஒருவர் பல்கலைக்கழக ஹெல்த் சென்டரில் மருத்துவர் முன் அமரும்போது என்ன நிகழ்கிறது என்பதே இங்குக் கேட்க வேண்டிய கேள்வி. அங்குப் புழங்கும் மொழி ஆங்கிலம், இந்தி அல்லது அந்த மாநிலத்தின் மொழி. "நெஞ்சு கரிக்கிறது" என்று வீட்டிற் சொல்லியிருப்பார். அங்கே நெஞ்சைத் தொட்டு "பெயின்" என்பார். இரைப்பையின் அமிலத்துக்காக இ.சி.ஜி. எடுக்கப்படும். "மயக்கமாக வருகிறது" என்பது தலைசுற்றலா, கண் இருட்டுவதா, நினைவு தப்புவதா என்று தமிழ் மருத்துவர் இரண்டு கேள்விகளிற் பிரித்துவிடுவார்; அச்சொல் ஆங்கிலமாகி வந்தபின் அக்கேள்விகள் எழ வழியில்லை. தமிழர்க்கு மட்டும் உரிய துன்பமும் அன்று இது. இந்தி பேசும் மாணவர் சென்னையில் "கபராஹட்" என்றால், அதை அச்சம் என்று மட்டும் பெயர்ப்பவர் நெஞ்சின் படபடப்பைத் தவறவிடுவார். மலையாள மாணவர் "பனி" என்றால் காய்ச்சல். பக்கத்துக் கட்டில் தமிழ் நண்பர் போர்வையை நீட்டுவார். இது சிரிப்பதற்குரிய பிழை. முன்னவை அப்படியல்ல.

மாண்ட்ரியலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ரொனால்ட் மெல்ஸாக் 1975இல் வெளியிட்ட வலி வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அமைந்துள்ளன. எவ்வளவு வலிக்கிறது என்பதோடு எப்படி வலிக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. எரிவதுபோன்ற, மின்சாரம் பாய்வதுபோன்ற வலி நரம்பை நோக்கிக் கைகாட்டக்கூடும். பிசைவது, துடிப்பது, குத்துவது ஒவ்வொன்றும் வெவ்வேறு திசை காட்டும். அப்பட்டியலை நிகண்டிலிருந்து பெயர்த்துத் தமிழாக்கிவிட முடியாது. தமிழில் நெடுநேரம் நின்றால் கால் கடுக்கும்; சிறுநீர் எரிந்தால் அதுவும் கடுப்பு. காது குடையும், கைகால் உளையும், பல் விண்விண் என்று தெறிக்கும், முதுகில் சுளீர் என்று வெட்டும், கால் மரத்துப்போகும். இவற்றுள் எது எந்த நோய்க்கு அருகில் நிற்கிறது என்பதைப் பேசுவோரிடம் கேட்டுத்தான் அறியவேண்டும்.

கேட்க வேண்டியவர்கள் யாரெனில், மொழியியல் துறையினர். இங்கேதான் மனக்குறை. களப்பணிக்குச் செல்லும் மாணவர் கையிலிருக்கும் ஸ்வதேஷின் நூறு சொற் பட்டியலில் காது உண்டு, பல் உண்டு, வயிறு உண்டு, முழங்கால் உண்டு. அவை வலிப்பதற்குச் சொல் இல்லை. மொழிகளின் உறவைக் கணிக்கச் செய்யப்பட்ட பட்டியல் அது. அதன்மீது குறை சொல்வதற்கில்லை. அதையே முதற் கருவியாகக் கொண்டு அங்கேயே நின்றுவிடுவதுதான் குறை. அதுபோலவே "எனக்குத் தலை வலிக்கிறது" என்னும் தொடர் கட்டுரைக்குக் கட்டுரை எண்ணிடப்பட்டு எடுத்துக்காட்டாகிறது. உருபுக்கு உரை உண்டு, வினைக்கு உரை உண்டு, 'தான்' யாரைச் சுட்டுகிறது என்னும் சோதனை உண்டு. தலைவலி எப்படிப்பட்டது என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அந்த எடுத்துக்காட்டைத் தட்டச்சு செய்யும் ஆய்வாளர்க்கே பல வேளைகளில் ஒற்றைத் தலைவலி இருக்கிறது என்பது கசப்பான வேடிக்கை. ஆய்வேடு முடியட்டும், அதுவும் முடிந்துவிடும் என்று ஐந்தாண்டுகள் கடத்துகின்றனர். சிறு நோய் என்பதால் அதற்கு விடுப்பு இல்லை. சிறு பேச்சு என்பதால் அதற்கு ஆய்வுத் தலைப்பும் இல்லை.

மருத்துவரின் பக்கமும் நியாயம் உண்டு. வரிசையில் நாற்பது பேர் காத்திருக்க, ஒருவர்க்குச் சில நிமிடங்களே கிடைக்கும் இடத்தில் உளைச்சலின் இலக்கணத்தை அவர் கற்க முடியாது. கற்கவும் தேவையில்லை, ஒரு மேசைக் கையேடு போதும். சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் திருத்திய வலி வரையறையின் குறிப்புகளில், வலி என்று ஒருவர் சொல்வதை மதிக்க வேண்டும் என்பதும் இடம்பெற்றுள்ளது. மதிப்பதற்கு முதலில் அது காதில் விழவேண்டும். நடுவண் பல்கலைக்கழகம் ஒன்றின் விடுதித் தாழ்வாரத்தில் பத்து மொழி பேசுவோர் அடுத்தடுத்த அறைகளில் உறங்குகின்றனர். ஒரு பருவத்தின் களப்பணித் தாளாக இதையே கொடுக்கலாம்: ஒவ்வொருவரும் தம் மொழியில் சிறுவயது முதல் கேட்டும் சொல்லியும் வந்த நோவுச் சொற்களை, எந்த உறுப்பு, எந்த வேளை, எந்த உணவுக்குப் பின், வீட்டில் என்ன கொடுத்தார்கள் என்னும் விவரங்களோடு தொகுப்பது, மருத்துவர் ஒருவரை உடன் வைத்துச் சரிபார்ப்பது, பட்டியலை ஹெல்த் சென்டர் மேசையில் வைப்பது. செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. அறவியற் குழுவின் ஒப்புதல் மட்டும் தேவைப்படும். நோய் விவரம் என்பதால் பெயர்களை நீக்கியே ஆகவேண்டும்.

முதற் கூட்டத்திலேயே சண்டை வரும் என்பதையும் எதிர்பார்க்கலாம். உளைச்சல் எலும்புக்குள், குடைச்சல் மூட்டுக்குள் என்பார் மதுரைக்காரர். இல்லை, இரண்டும் ஒன்றே, இரவில் வருவது மட்டுமே குடைச்சல் என்பார் கோவைக்காரர். பக்கத்து நாற்காலியில் இருக்கும் வங்காள மாணவி தம் மொழியில் அதற்கு என்ன பெயர் என்று முழங்காலைத் தடவிக்கொண்டே யோசிப்பார். குறிப்பெடுப்பவர் மூன்றையும் எழுதிக்கொள்ளட்டும்.