முப்பது ஆண்டுகள் மறுக்கப்பட்ட பதவி

1917 மார்ச்சில் நியூயார்க் மாநிலத்தின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் சிலர் கூடித் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். அடுத்த மாதமே அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. மறு ஆண்டில் இந்தச் சிகிச்சை தெரிந்த பெண்களை ராணுவமே தேடி அழைத்தது. பிரான்ஸின் லா ஃபோஷ் கிராமத்தில், குண்டுவெடிப்பின் அதிர்ச்சியால் மனம் கலங்கிய வீரர்களுக்காக இயங்கிய 117ஆம் எண் தள மருத்துவமனைக்கும் அவர்கள் போனார்கள்.

அவர்கள் கொடுத்த மரவேலையையும் நெசவையும் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தவறு. தறியில் நாடா எறிபவனின் தோளும் முழங்கையும் ஒவ்வொரு வீச்சிலும் மடங்கி நீள்கின்றன. காலால் மிதித்து இயக்கும் ரம்பம், விறைத்த கணுக்காலை அசைய வைக்கிறது. எந்த மூட்டு, எவ்வளவு அசைவு, எவ்வளவு நேரம் என்று கணக்கிட்டே வேலை தரப்பட்டது. நடுங்கும் கைகள் ஒரு பொருளைச் செய்து முடிக்கும்போது, தன்னால் முடியும் என்ற நம்பிக்கை அந்த வீரனுக்குத் திரும்பியது. என் பார்வையில் எந்த மருந்தாலும் தர முடியாதது அது. பிரிட்டனிலும் இதே சிந்தனை இருந்தது. எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் டாக்டர் ஆர்தர் பிராக், கவிஞர் வில்ஃபிரட் ஓவனை மருத்துவமனை இதழின் ஆசிரியராக்கியது இந்த முறையில்தான்.

இவ்வளவு செய்தும் அமெரிக்கப் பெண்களுக்கு ராணுவப் பதவி கிடையாது. சிவிலியன் ஊழியர்களாகவே வந்தார்கள்; போர் முடிந்ததும் பெரும்பாலோர் கலைந்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்தபோது போதிய ஆள் இல்லாமல், 1944இல் அவசரப் பயிற்சி வகுப்புகளைத் தொடங்க வேண்டியிருந்தது. அதே ஆண்டில் பிசியோதெரபிஸ்டுகளுக்கும் உணவியல் நிபுணர்களுக்கும் முழு அதிகாரிப் பதவி கிடைத்தது. தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஒரே வார்டில், ஒரே வீரனுக்காக உழைத்தவர்களிடையே இப்படியொரு பாகுபாட்டை நியாயப்படுத்தவே முடியாது.

1947 ஏப்ரலில் நிறைவேறிய சட்டம்தான் மூன்று பிரிவினரையும் நிரந்தர அதிகாரிகளாக ஒரே படைப்பிரிவில் சேர்த்தது. அதற்கு இரண்டு உலகப் போர்கள் தேவைப்பட்டன. காயமுற்றவரை மீட்கும் பணியைப் போர்க்காலத்துக்கு மட்டுமான ஏற்பாடாக ராணுவம் கருதியதே இந்தத் தாமதத்தின் காரணம். அந்த அலட்சியத்தின் விலையை வார்டுகளில் படுத்திருந்த வீரர்களும் சேர்ந்தே கொடுத்தார்கள்.