முதுகுக்கு ஓர் ஆசான்

தனிப் பயிற்றுநருக்குப் பணம் கொடுத்து உடற்பயிற்சி செய்வது வீண்செலவு என்று பெரம்பலூரில் நம் ஆசிரிய நண்பர்கள் அடித்துப் பேசுகிறார்கள். பிள்ளையின் டியூஷனுக்குக் கணக்குப் பாராமல் கொடுப்பவர்களும் இவர்களே. தம் உடம்பு என்றால் மட்டும் சிக்கனம் வந்துவிடுகிறது!

நாம் கொடுத்துப் பார்த்தோம். முதல் இரண்டு மாதங்கள் கொடுத்த பணத்திற்குத் தகும். எடையைத் தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பையும் முழங்காலையும் மடக்க வேண்டும், எடை உடலை ஒட்டியே எழ வேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே படித்தறிந்தவைதாம். ஆயினும் நம் முதுகு வளைவது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறர் கண் வேண்டியிருந்தது. மூன்றாம் மாதம் அவர் "எட்டு, ஒன்பது, பத்து" என்று எண்ணியதோடு சரி. எண்ணுவதற்கு நமக்கே தெரியும் என்பதால் நிறுத்திக்கொண்டோம். சிலம்பம் கற்றவன் ஆயுள் முழுதுமா ஆசானுக்குத் தட்சணை வைக்கிறான்?

நம்மை உறுத்துவது வேறு. பக்கத்து அரியலூர் சிமென்ட் ஊர். ஒரு மூட்டை 50 கிலோ. ஒருவர் சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. மூட்டை அதற்குள் அடங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு எத்தனை மூட்டை என்பதை யார் எண்ணுகிறார்கள்? இருபது கிலோவைத் தூக்க நாம் விலைகொடுத்துக் கற்ற பாடத்தை அவர்களுக்குக் கற்பிக்கும் செலவு, மூட்டைக்கு இவ்வளவு எனக் கூலி பேசும் ஒப்பந்தக்காரருடையது என்கிறோம். லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவரிடம், தூக்கும் முறையை யார் சொல்லித்தந்தார் என்று கேட்டோம்.

"மூட்டைதாங்க சார் சொல்லிக்குடுத்துச்சு" என்றவர், இடுப்பில் கையூன்றித்தான் நிமிர்ந்தார்.