பிடிச்ச மீனை திரும்ப விட 80 ஆயிரம் ரூபாய்! கோஸ்டாரிகாவில் 'மயில் மீன்' யாருக்கு சொந்தம்?

சான்ஜோஸ்: ஒரு நாள் படகு வாடகை 80 ஆயிரம் ரூபாய்க்கு மேல். நாள் பூரா வெயிலில் நின்று, தோள் கழன்று போகிற அளவுக்கு மீனோடு மல்லுக்கட்ட வேண்டும். கடைசியில் அந்த மீனை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. படகு ஓரத்தில் வைத்து ஒரு போட்டோ, அவ்வளவுதான். அப்படியே தண்ணிக்குள் விட்டுவிட வேண்டும்!

'இதுக்கு எதுக்குய்யா இவ்வளவு செலவு?' என்று கேட்கத் தோன்றும். ஆனால் மத்திய அமெரிக்காவில் உள்ள கோஸ்டாரிகா என்ற குட்டி நாட்டுக்கு இந்த வேடிக்கையால் வருஷா வருஷம் கோடி கோடியாக டாலர் கொட்டுகிறது. அதே மீன் தூண்டிலில் மாட்டினால் ஏற்றுமதி செய்ய முடியாமல் அங்குள்ள மீனவர்கள் கையைப் பிசைகிறார்கள். ஒரே மீனுக்கு இரண்டு விலை. அதில்தான் சண்டை.

எந்த மீன் இது?

வேறு எதுவும் இல்லை, காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் ஏலத்துக்கு வருகிற மயில் மீன்தான். முதுகில் மயில் தோகை மாதிரி பெரிய துடுப்பு, முன்னால் ஈட்டி மாதிரி நீண்ட மூக்கு. இந்தியப் பெருங்கடலில் இருப்பதும் பசிபிக் கடலில் இருப்பதும் ஒரே இனம். அதன் பெரிய அண்ணன்தான் மார்லின். நம்ம ஊர் மீனவர்களில் சிலர் கொப்பரன் என்பார்கள்.

மயில் மீன் மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் பாயும் என்று பழைய புத்தகங்கள் சொல்லும். பிற்பாடு நடந்த ஆய்வுகளில் அதில் பாதி வேகம் கூட இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் தூண்டிலில் மாட்டினால் அது போடும் ஆட்டம் தனி. தண்ணிக்கு மேலே எகிறிக் குதிக்கும், வாலால் தண்ணியில் நிற்கும். அந்த ஆட்டத்தைப் பார்க்கத்தான் அமெரிக்காக்காரர்கள் விமானம் ஏறி வருகிறார்கள்.

மார்லின் இன்னும் முரட்டு ஆசாமி. 1953-ம் ஆண்டு பெரு நாட்டின் கபோ பிளாங்கோ கடலில் பிடிபட்ட கருப்பு மார்லின் ஒன்றின் எடை 1,560 பவுண்டு. அதாவது 700 கிலோவுக்கு மேல்! அந்த சாதனை இன்று வரை முறியடிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

காலையில் போய் சாயங்காலம் திரும்பும் படகு

கோஸ்டாரிகாவின் பசிபிக் கரையில் உள்ள கெபோஸ் என்ற ஊர்தான் இந்தத் தொழிலின் முக்கிய இடங்களில் ஒன்று. ஒரு காலத்தில் அமெரிக்க கம்பெனிக்காக வாழைப்பழம் ஏற்றிய துறைமுகம். வாழையில் நோய் விழுந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. பிறகு எண்ணெய்ப் பனை வந்தது. இப்போது சுற்றுலா. அங்குள்ள பெரிய படகுத் துறையின் பெயரே 'பெஸ் வேலா'. ஸ்பானிஷ் மொழியில் மயில் மீன் என்று அர்த்தம்.

டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே மயில் மீன் சீசன். விடிந்ததும் படகு கிளம்பும். ஒரு கேப்டன், ஒன்றிரண்டு உதவியாளர்கள், நாலைந்து சுற்றுலாப் பயணிகள். கரையிலிருந்து 20, 30 மைல் தள்ளிப் போனதும் படகின் பின்னால் வண்ண வண்ணமாக பொய் இரைகளை இழுத்துக்கொண்டே போவார்கள். அதைத் துரத்தி மயில் மீன் மேலே வந்ததும், நிஜ இரை மாட்டிய தூண்டிலை உதவியாளர் சட்டென்று மாற்றிப் போடுவார். மீன் கவ்வினால் தூண்டில் கோல் சுற்றுலாப் பயணியின் கைக்குப் போகும்.

மீன் படகு அருகே வந்து, உதவியாளர் கைக்கு தூண்டில் நரம்பின் முனை எட்டிவிட்டாலே 'பிடித்த கணக்கு'. முள்ளைக் கழற்றி, மீனுக்கு மூச்சு வரும் வரை மூக்கைப் பிடித்தபடி தண்ணிக்குள்ளேயே கொஞ்ச தூரம் இழுத்துப் போய் விடுவார்கள். இந்த ஒரு நாள் கூத்துக்கு ஆயிரம் டாலருக்கு மேல் வாடகை. உதவியாளர்களுக்கு டிப்ஸ் தனி.

சட்டம் என்ன சொல்கிறது?

2005-ம் ஆண்டு வந்த கோஸ்டாரிகா மீன்பிடி சட்டம், மயில் மீனை 'சுற்றுலா மற்றும் விளையாட்டுக்கான மீன்' என்று அறிவித்தது. 2008, 2009-ம் ஆண்டுகளில் இன்னும் இறுக்கினார்கள். மயில் மீன் ஏற்றுமதிக்கு தடை விழுந்தது. வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் தவறி மாட்டும் மயில் மீனுக்கும் அளவு வைத்தார்கள்.

அக்கம்பக்கத்து நாடுகளிலும் இதே கதைதான். கவுதமாலாவில் மயில் மீனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். மெக்சிகோவில் கரையிலிருந்து 50 கடல் மைல் வரை மயில் மீனும் மார்லினும் விளையாட்டுத் தூண்டிலுக்கு மட்டும். அமெரிக்காவும் தன் பங்குக்கு 2012-ல் ஒரு சட்டம் போட்டு, வெளிநாட்டு மயில் மீன், மார்லின் தன் மார்க்கெட்டில் விற்கக்கூடாது என்று கதவைச் சாத்தியது. அந்த சட்டத்தில் ஹவாய் தீவு மீனவர்களுக்கு இருந்த ஒரு ஓட்டையை 2018-ல் அடைத்தார்கள். ஹவாயில் பிடித்ததை இனி ஹவாயிலேயே விற்க வேண்டும் என்றார்கள்.

60 கோடி டாலர் கணக்கு

இவ்வளவு கறாராக இருக்க என்ன காரணம்? பணம்தான். 2008-ம் ஆண்டில் மட்டும் தூண்டில் சுற்றுலாவால் கோஸ்டாரிகாவுக்கு சுமார் 60 கோடி டாலர் வந்ததாக ஒரு ஆய்வு சொன்னது. நாட்டின் மொத்த வருமானத்தில் இது 2 சதவீதம். படகு வாடகை மட்டும் அல்ல. ஓட்டல், சாப்பாடு, வாடகை கார் எல்லாம் சேர்த்த கணக்கு.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அந்த ஆய்வை கோஸ்டாரிகா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தியது அமெரிக்காவில் உள்ள பில்பிஷ் பவுண்டேஷன் என்ற அமைப்பு. அது தூண்டில் விளையாட்டுக்காரர்கள் பக்கம் நிற்கிற அமைப்பு. அதனால் கணக்கைக் கொஞ்சம் யோசித்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் அடிப்படைக் கணக்கு பொய் இல்லை. மயில் மீன் கறி அங்கே விலை உயர்ந்த மீன் இல்லை. வெட்டி விற்றால் ஒரு முறை காசு. உயிரோடு விட்டால் அதே மீன் நாளைக்கு இன்னொரு படகின் தூண்டிலில் மாட்டும். மறுபடியும் வாடகை, மறுபடியும் டிப்ஸ்.

புன்டாரேனாஸ் மீனவர் கேட்கும் கேள்வி

அதே கரையில் கொஞ்சம் வடக்கே உள்ள துறைமுகம் புன்டாரேனாஸ். இங்கே ஆயிரங்கால் தூண்டில் போடும் படகுகள் நிறைய. பல கிலோ மீட்டர் நீளக் கயிறு, அதில் நூற்றுக்கணக்கான முள். சூரை, சுறா, மஹி மஹி மீன்களுக்காகப் போடுவார்கள். ஆனால் முள்ளுக்கு மயில் மீன் என்றும் சூரை என்றும் தெரியுமா? எது கவ்வுகிறதோ அது மாட்டும்.

காலையில் கயிற்றை இழுக்கும்போது பல மயில் மீன்கள் செத்துத்தான் வரும். செத்த மீனைக் கடலில் வீசினால் யாருக்கு லாபம்? டீசல் போட்டு, பல நாள் கடலில் கிடந்து, ஐஸ் வாங்கி, ஆள் கூலி கொடுத்து திரும்புகிறவனுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்கு. 'பணக்காரன் விளையாட மீன் வேணும். நாங்க பிழைக்க மீன் வேண்டாமா?' என்பதுதான் அந்தக் கரையின் ஆதங்கம்.

தூண்டில் விளையாட்டுக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆயிரங்கால் தூண்டில் இப்படியே போனால் நாளைக்கு மயில் மீனும் இருக்காது, சூரையும் இருக்காது, அப்போது புன்டாரேனாசும் பட்டினி கிடக்கும் என்கிறார்கள்.

சேர்ந்து நின்ற ஒரு தடவை

எப்போதும் முட்டிக்கொண்ட இந்த இரண்டு தரப்பும் ஒரு விஷயத்தில் ஒரே பக்கம் நின்றது. அது சுருக்குமடி வலை. வெளிநாட்டுக் கொடி கட்டிய பெரிய கப்பல்கள் சூரையைக் கூட்டம் கூட்டமாக வளைத்து அள்ளிக்கொண்டு போயின. அந்த வலையில் மயில் மீனும் மார்லினும் கூட மாட்டின. 2014-ம் ஆண்டு அரசு போட்ட உத்தரவின்படி, பசிபிக் கரையில் 45 கடல் மைல் வரை அந்தக் கப்பல்கள் வலை போடக்கூடாது என்று ஆனது.

சுருக்குமடி சண்டை நம்ம கடற்கரைக்கும் புதுசு இல்லை. ஆனால் கோஸ்டாரிகாவில் நடந்ததில் ஒரு பாடம் இருக்கிறது. பெரிய கப்பலைத் தள்ளி வைத்ததும் உள்ளூர் மீனவனுக்கு சூரை கிடைத்தது, சுற்றுலாப் படகுக்கு மயில் மீன் கிடைத்தது. இரண்டு பேருக்கும் லாபம் தெரிந்த இடத்தில் சண்டை இல்லை.

விட்ட மீன் பிழைக்குமா?

இதுவும் முக்கியமான கேள்வி. பழைய 'ஜே' வடிவ முள், இரையோடு சேர்ந்து மீனின் வயிற்றுக்குள் போய்க் குத்தும். அப்படிப்பட்ட மீனை விட்டாலும் பிழைப்பது கஷ்டம். வட்ட முள் வந்த பிறகு நிலைமை மாறியது. அது பெரும்பாலும் வாய் ஓரத்தில்தான் மாட்டும், சுலபமாகக் கழற்றலாம். கோஸ்டாரிகாவில் நிஜ இரை போடும் படகுகள் வட்ட முள்தான் பயன்படுத்த வேண்டும்.

ஆனாலும் எல்லா மீனும் பிழைத்துவிடும் என்று சொல்ல முடியாது. ரொம்ப நேரம் போராடி ஓய்ந்த மீன், போட்டோவுக்காக படகில் தூக்கிப் போட்ட மீன் எல்லாம் செத்துப்போக வாய்ப்பு அதிகம். 'நாங்க மீனைக் கொல்றதே இல்லை' என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வது முழு உண்மை இல்லை.

டாலர் யார் பைக்குப் போகுது?

கடைசியில் எல்லாம் இங்கேதான் வந்து நிற்கிறது. பெரிய படகுகள், படகுத் துறைகள், ஓட்டல்களில் பலவும் வெளிநாட்டுக்காரர்கள் கையில். உள்ளூர்க்காரர்களுக்குக் கிடைப்பது கேப்டன் வேலை, உதவியாளர் வேலை, ஓட்டல் வேலை. இதுவும் சின்ன விஷயம் இல்லை. கெபோசில் தூண்டில் போடத் தெரிந்த ஒரு இளைஞன் உதவியாளராகச் சேர்ந்து, கேப்டனாகி, குடும்பத்தைக் கரையேற்ற வழி இருக்கிறது.

ஆனால் கெபோசில் விழுகிற டாலர் புன்டாரேனாசில் விழுவதில்லை. மீனை இழந்தவன் ஒரு ஊர், பணம் பார்ப்பவன் இன்னொரு ஊர். இத்தனைக்கும் வழி தெரியாத நாடு இல்லை அது. நிக்கோயா வளைகுடாவில் மீன்பிடித் தடைக்காலம் வந்தால், சிறு மீனவர்களுக்கு அந்த அரசே உதவித்தொகை கொடுக்கிறது. நம்ம ஊர் தடைக்கால நிவாரணம் மாதிரித்தான். 'கடலுக்குப் போகாதே' என்று சொல்கிற அரசு, 'அடுப்பெரிய இதை வச்சுக்கோ' என்றும் சொல்ல வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மயில் மீன் விஷயத்திலும் அதைச் செய்தால் என்ன? ஒவ்வொரு படகு வாடகையிலும் ஒரு பங்கு ஆயிரங்கால் தூண்டில்காரனுக்குப் போனால், மாட்டிய மயில் மீனை உயிரோடு விட அவனே முன்வருவான். இல்லாவிட்டால் சட்டம் புத்தகத்தில் இருக்கும், மீன் ராத்திரியில் கரை இறங்கும்.

அந்தமான் கடலிலும் தூண்டில் பிரியர்களுக்கான படகுகள் ஓட ஆரம்பித்துவிட்டன. நாளைக்கு நம்ம கரைக்கும் யாராவது வந்து, 'மயில் மீன் உயிரோட இருந்தா கோடி, செத்தா சில்லறை' என்று கணக்கு காட்டலாம். கணக்கு சரியாகக் கூட இருக்கலாம். அப்போது மீனவர்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: 'அந்தக் கோடியில எங்க பங்கு எவ்வளவு?'