முதலாளியா, முத்தவல்லியா?

“பணம் போட்டவர் நடத்துகிறார், பந்தாடுவோரும் பார்ப்போரும் கேள்வி கேட்க என்ன உரிமை?” என்று வினவும் கனவான்கள் நம்மிடையே பலர் உளர். காற்பந்துக் கழகமும் ஜவுளிக் கடையும் ஒன்றே என்பது அவர்தம் துணிபு. அத்துணிபு நம் நாட்டு ஆட்டத்தை எங்கே கொண்டு நிறுத்தியது என்பதைப் பார்ப்போம்.

அகில இந்தியக் காற்பந்துச் சம்மேளனம் 2010இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு, 700 கோடி ரூபாய்க்கு, ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அவ்வொப்பந்தம் 2025 டிசம்பரில் முடியும் என்பது கையெழுத்திட்ட அன்றே தெரிந்த செய்தி. எனினும் மாற்று ஏற்பாடு இல்லை. 2025 ஜூலையில் இந்தியன் சூப்பர் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. ஊதியத்தை நிறுத்தியது; சென்னையின் எஃப்.சி. பணிகளையே நிறுத்தியது. டெண்டர் கோரியபோது ஒருவரும் முன்வரவில்லை. 2026 பிப்ரவரியில்தான், அதுவும் சுருங்கிய வடிவில், ஆட்டம் தொடங்கிற்று. மேலிருந்தோர் உறங்கியதற்கு ஆட்டக்காரன் அன்றோ அபராதம் கட்டினான்!

சென்னை சிட்டி அணி 2018–19 ஐ-லீகில் வாகை சூடியது. உயர் லீகில் இடம் கிடைத்ததா? இல்லை. அங்கே இடம் காசுக்கு, காலுக்கன்று. 2022–23இல் வென்றவர்க்குத்தான் அக்கதவு திறந்தது. அதற்குள் சென்னை சிட்டி ஐ-லீகிலிருந்தே மறைந்துவிட்டது.

வியாசர்பாடி, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பகுதிகளில் துறைமுகத் தொழிலாளியின் மகனும் மீனவர் மகனும் பந்தாடி வளர்கின்றனர். முன்னாளில் துறைமுகம், சுங்கத்துறை, ஐ.சி.எஃப்., இந்தியன் வங்கி அணிகள் திறமையாளனுக்கு நிலையான வேலையும் தந்தன. ஆட்டம் ஓய்ந்த பின்னும் அடுப்பு எரிந்தது. இன்றோ அவன் பிழைப்பு ஒரு முதலாளியின் மனப்போக்கில் ஊசலாடுகிறது.

“செல்வர் விலகினால் செலவுக்கு யார்?” என்பர். நியாயமான கேள்வியே. செல்வரை விரட்டுமாறு நாம் சொல்லவில்லை. ஜெர்மனி 1998 முதல் முதலீட்டை ஏற்கிறது. ஆயினும், சில விலக்குகள் நீங்கலாக, வாக்கில் பெரும்பான்மை உறுப்பினர்க்கே. இங்கிலாந்தில் 1885இல் தோன்றிய பரி கழகம் 2019இல் பணமுடையால் லீகிலிருந்து நீக்கப்பட்டது. கண் விழித்த அந்நாடு 2025இல் சட்டமியற்றி, உரிமையாளர் தகுதியைச் சோதிக்கத் தனி ஆணையம் அமைத்தது.

நம் நாட்டிலும் 2025இல் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது; செப்டம்பரில் உச்சநீதிமன்றம் சம்மேளனத்தின் புதிய அமைப்பு விதிகளுக்கு ஒப்புதல் அளித்தது. வரவேற்கிறோம். ஆனால் அவை முதன்மையாகச் சம்மேளனத்தைத் திருத்துவன. கழக உரிம விதிகளும் ஏட்டில் உள. ஆகஸ்டில் அவை யார் ஊதியத்தைக் காத்தன?

ஃபிக்ஹு நூலார் ‘மில்க்’ வேறு, ‘அமானத்’ வேறு என்பர். முன்னது உடைமை, பின்னது ஒப்படைக்கப்பட்ட பொருள். வக்ஃபை முத்தவல்லி பராமரிக்கலாம். தன்னுடையது என்று விற்க இயலாது. கணக்கும் காட்ட வேண்டும். ஓர் ஊரின் பெயரைச் சுமக்கும் கழகமும் அத்தகையதே.

ஆகவே, ஓராண்டு ஊதியத்தை முன்பணமாகக் கட்டாத கழகத்துக்கு அனுமதி கூடாது. வரவு செலவு ஆண்டுதோறும் வெளிவர வேண்டும். பெயரையும் ஊரையும் மாற்ற ஆதரவாளர் வாக்கு வேண்டும். சென்னை லீகின் அடிப்படியிலிருந்து நாட்டின் உச்சி வரை வென்றவன் ஏறும் வழி அடைபடலாகாது.

இவற்றை ஏற்க மறுப்போர், இராயபுரத்துச் சிறுவனுக்கு வேறு என்ன உறுதி தருவார்கள் என்பதைச் சொல்லட்டும்!